24 பிட் வாங்கலாமா? மலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

புரோக்ரெசிவ் மெட்டலை (சிக்கலான தாளமும் நீண்ட பாட்டுகளும் கொண்ட கனத்த கிதார் இசை) லாஸ்லெஸ்ஸில், அதாவது ஒலித் தகவல் எதையும் இழக்காத ஃபைலில், கேட்பது பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: பத்து வருடமாகக் கேட்கும் ஆல்பத்தின் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பதிப்பைக் காசு கொடுத்து இறக்கினேன். என்னிடம் இருக்கும் சிடிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் காது மந்தமா, காசு தண்டமா?
வாசகர், கோத்தகிரி

பதில்: காது நன்றாகத்தான் இருக்கிறது. சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இதில் பிட் என்பது ஒலியின் ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கம் என்பது, கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறோம் என்பது. 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் இருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு வரை உள்ள ஒலி முழுதாகப் பதிவாகிவிடும். மனிதக் காது 20-லேயே நின்றுவிடுகிறது. வயது ஏற ஏற அதுவும் இறங்கும். இனி மெட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்டார்ஷன் கிதாரின் ஆம்ப் இரைச்சல், 16 பிட்டின் அடித்தளத்தைவிட எவ்வளவோ மேலே நிற்கிறது. கிதார் கேபினெட்டில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரசரவென்று சரிந்துவிடும். அதற்கு மேலே மிஞ்சுவது பெரும்பாலும் சிம்பல்தான். 24 பிட் தேவைப்படுவது ஸ்டூடியோவுக்கு. டிரம்மர் திடீரென்று ஓங்கி அடித்தாலும் பதிவு உடையாதபடி லெவலைத் தாழ்த்தி வைத்துக்கொள்ள அங்கே அந்த இடம் வேண்டும். வீட்டில் கேட்கும்போது அது சும்மா கிடக்கிறது.

ஆனாலும் சில ஹை-ரெஸ் (சிடியைவிடக் கூடிய பிட், கிலோஹெர்ட்ஸ் உள்ள) பதிப்புகள் நிஜமாகவே வேறு மாதிரி ஒலிக்கின்றன. அதற்குக் காரணம் மாஸ்டரிங், அதாவது ஆல்பம் வெளியாகும் முன் லெவலையும் தொனியையும் கடைசியாகச் சரிசெய்யும் வேலை. 2008-இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது நடந்தது எல்லோருக்கும் தெரியும். சிடியில் லெவலை ஏற்றி ஏற்றி அலையின் தலையையே சீவிவிட்டார்கள். அதே பாட்டுகள் 'கிதார் ஹீரோ' விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் வந்தன. கேட்டவர்கள் விளையாட்டிலிருந்து வந்ததே மேல் என்றார்கள். அது த்ராஷ் என்ற வேக மெட்டல் ஆல்பம்தான், ஆனாலும் புரோக்ரெசிவ் மெட்டலிலும் கதை இதுவே. நசுக்கிய மாஸ்டரை 24 பிட்டில் போட்டால் நசுங்கல்தான் துல்லியமாகக் கேட்கும். இதற்கு நேர்மாறாக, கிங் கிரிம்சன் குழுவின் பழைய ஆல்பங்களை இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் 2009 முதல் புதிதாக மிக்ஸ் செய்து (தனித்தனிப் பதிவுகளை மறுபடி கலந்து) தந்தபோது கேட்ட வித்தியாசம் மிக்ஸால் வந்தது. அதை 16 பிட்டில் இறக்கினாலும் அந்த வித்தியாசம் போகாது.

எனவே காசு கொடுக்கும் முன் டைனமிக் ரேஞ்சை (டிஆர்), அதாவது ஒலியின் ஏற்ற இறக்க இடைவெளியைப் பாருங்கள். ஃபூபார்2000 என்ற கணினி பிளேயருக்கு டிஆர் மீட்டர் என்று ஒரு இணைப்பு கிடைக்கிறது. உங்கள் சிடியிலிருந்து கணினியில் எடுத்த ஃபைலையும் (ரிப்) வாங்கிய ஃபைலையும் அதில் ஓட்டுங்கள். இரண்டும் டிஆர் 6 என்று வந்தால் பெரும்பாலும் ஒரே மாஸ்டர், டப்பா மட்டும் பெரிது. ஒன்று 6, இன்னொன்று 10 என்றால் மாஸ்டரே வேறு. அது வாங்கத் தகுந்தது. ஒரு எச்சரிக்கை: எல்பி தட்டிலிருந்து எடுத்த ஃபைலில் இந்த எண் இயல்பாகவே கூடிக் காட்டும். அதை நம்பித் துள்ள வேண்டாம்.

மனம் ஒப்பவில்லையென்றால் பெயரைப் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். வாங்கிய 24/96 ஃபைலை 16/44.1 ஆக மாற்றுங்கள், மாற்றும்போது டிதர் (பிட் குறைவதால் வரும் பிசிறை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) போடுங்கள். மாற்றியதை மறுபடி 24/96 ஆக்குங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால், ரேட் மாறும்போது விழும் 'டிக்' சத்தமே எது எது என்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பெயரை மறைத்து ஓட்டும் ஏபிஎக்ஸ் கம்பாரேட்டர் என்ற மென்பொருளில் இரண்டையும் ஏற்றி, எது எது என்று 16 முறை சொல்லிப் பாருங்கள். 12 சரியாக வந்தால் உங்களுக்கு வித்தியாசம் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் அது வர 100-க்கு 4 வாய்ப்புகூட இல்லை. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி) முழங்கும் இடத்தில் சோதிக்காதீர்கள். அகூஸ்டிக் பகுதி முடிந்து சிம்பல் அடங்கும் 10 நொடியைப் பிடியுங்கள்.

இதற்காக எம்பி3 போதும் என்று முடிவுகட்ட வேண்டாம். 128 கிலோபிட் எம்பி3-இல் முதலில் அடிபடுவது மெட்டல்தான். கிதார் சுவர் போல நிற்கும்போது கூடவே கிராஷ் சிம்பலும் ஓடினால், இருக்கிற பிட் போதாமல் சிம்பல் தண்ணீருக்குள்ளிருந்து சலசலப்பது போல் கேட்கும். 320-இல் கண்டுபிடிப்பது கடினம். இருந்தாலும் சேமித்து வைப்பது சிடி தர ஃபிளாக்காக (லாஸ்லெஸ் ஃபைல் வகை) இருக்கட்டும். அதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எம்பி3-இலிருந்து திரும்பி வர வழியில்லை.

கேள்வி: வாங்கிய ஃபைல் அசல் ஹை-ரெஸ்தானா என்று எப்படிப் பார்ப்பது?
வாசகி, குன்னூர்

பதில்: ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போடுங்கள். 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலில் படம் 48 வரை ஏறும். சிம்பல் விழும் இடங்களில் கோடுகள் 25, 30 என்று மேலே மெல்ல மங்கினால் அசல். 22-இல் கத்தியால் வெட்டினாற்போல் நின்றால் 44.1-ஐ ஊதிப் பெரிதாக்கியது. 16-இல் நின்றால் யாரோ 128 எம்பி3-ஐ ஃபிளாக் சட்டை போட்டு விற்றிருக்கிறார்கள். 22-இல் நிற்பதெல்லாம் மோசடி என்றும் சொல்ல முடியாது, ஸ்டூடியோவிலேயே 44.1-இல் பதிவான ஆல்பங்கள் உண்டு. அப்படியானால் கூடுதல் விலை எதற்கு என்று கேட்க மட்டும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: ஆப்பிள் மியூசிக்கில் 'லாஸ்லெஸ்' என்று காட்டுகிறது. புளூடூத் ஹெட்போனில் கேட்கிறேன். லாஸ்லெஸ்தானே? இன்னொன்று, எங்கள் ஊரில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது.
கல்லூரி மாணவி, கூடலூர்

பதில்: போன் வரைக்கும் லாஸ்லெஸ். போனிலிருந்து காதுக்குப் போகும்போது இல்லை. சிடி ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எஸ்பிசி அதிகம் போனால் 328 அளவு தரும், ஏஏசி 256 அளவு. எல்டாக் உச்சத்தில் 990. போனைப் பைக்குள் போட்டதும் 660, 330 என்று இறங்கிவிடும். ஐபோனில் எல்டாக் கிடையாது. பேருந்தில் கேட்க இது தாராளம். லாஸ்லெஸ்ஸாகவே வேண்டுமென்றால் வயர்தான்.

சி டைப் டாங்கிள் ஒன்று வாங்குங்கள். எண்ணை மின் அலையாக மாற்றும் டேக், சிறிய ஆம்ப் இரண்டும் அந்தச் சுண்டுவிரல் வயருக்குள்ளேயே இருக்கின்றன. ஆப்பிளின் டாங்கிள் 24/48 வரை போகும், நல்ல சாமான். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் மாட்டினால் சத்தம் குறைந்துதான் வரும்; டாங்கிளின் உள் வால்யூமை போன் முழுதாக ஏற்றாததே காரணம். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ போன்ற செயலி அதைச் சரிசெய்யும். ஆண்ட்ராய்டு எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றி அனுப்பும் பழக்கத்தையும் அது தாண்டிவிடும். 300 ஓம் மின்தடை உள்ள ஹெட்போனுக்குச் சாதாரண டாங்கிள் போதாது. 16 முதல் 50 ஓம் வரை உள்ளதை வாங்கினால் தொல்லையில்லை.

சிக்னல் விஷயத்துக்குக் கணக்குப் போடுவோம். இந்த இசையில் 10 நிமிடப் பாட்டு சர்வசாதாரணம். 256 கிலோபிட்டில் அது 19 எம்பி. சிடி தர லாஸ்லெஸ்ஸில் சுமார் 75 எம்பி. 24/96-இல் 200 எம்பியைத் தாண்டும். ஒன்றரை ஜிபி தினசரி டேட்டாவில் அப்படி ஏழு பாட்டுத்தான். செட்டிங்ஸில் ஆடியோ குவாலிட்டிக்குப் போய், மொபைல் டேட்டாவுக்கு ஹை குவாலிட்டி, டவுன்லோடுக்கு லாஸ்லெஸ் என்று தனித்தனியாக வையுங்கள். ஹாஸ்டலிலோ கல்லூரியிலோ வைஃபை கிடைக்கும்போது முழு ஆல்பமாக இறக்கிக்கொள்ளுங்கள். ஹை-ரெஸ் லாஸ்லெஸ்ஸை அணைத்தே வைக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: ஒரே கதையாகப் போகும் ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அரை நொடி வெட்டு விழுகிறது.
வாசகர், பூம்பாறை

பதில்: ஃபைல் எம்பி3-ஆக இருக்கும். அதன் என்கோடர் முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றொலி சேர்க்கும். பிளேயர் அதைக் கழிக்கத் தவறினால் வெட்டு கேட்கும். ஃபிளாக்கில் இந்தச் சிக்கலே இல்லை. ஃபிளாக்கிலும் விழுந்தால் பிளேயரில் கேப்லெஸ்ஸை (இடைவெளியின்றி ஓட்டுவது) ஆன் செய்து கிராஸ்ஃபேடை (பாட்டோடு பாட்டைக் கலப்பது) அணையுங்கள். கூடவே சத்தத்தைச் சமப்படுத்தும் ரீப்ளே கெயினை 'ஆல்பம்' என்று மாற்றுங்கள். 'டிராக்' என்று இருந்தால் மெல்லிய இடைப்பாட்டை ஏற்றி, அடுத்த முழக்கத்தைத் தாழ்த்தி, ஆல்பத்தின் ஏற்ற இறக்கத்தையே தட்டையாக்கிவிடும்.

கேள்வி: எஸ்டேட் லயன் வீடு. அறை பத்துக்குப் பத்து, உயரம் ஒன்பது அடி. புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். ஏழு கம்பி கிதார் ரிஃப் வந்தால் அறையே 'ம்ம்ம்' என்று ஊதுகிறது, எந்த நோட் என்றே தெரிவதில்லை. நாற்காலியை நடுவில் போட்டால் பாஸே காணோம். ஸ்பீக்கரை மாற்றட்டுமா?
வாசகர், கோத்தகிரி அருகே

பதில்: மாற்றாதீர்கள். ஊதுவது அறைதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே, அந்த இடைவெளியின் இரு மடங்கு நீளமுள்ள அலை சிக்கிக்கொண்டு நிற்கும். 15 டிகிரி குளிரில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். 340-ஐ 6.1-ஆல் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். ஏழு கம்பி கிதாரை டிராப் ஏ-யில் (அடிக்கம்பியை ஏ ஸ்வரத்துக்குத் தாழ்த்தி) வைத்தால் அடிக்கம்பி 55 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் அந்த ஊதல் உங்களுக்கு இரட்டிப்பு. உயரம் 9 அடிக்கு வரும் கணக்கு 62 ஹெர்ட்ஸ். சாதாரண ஸ்ருதியில் ஏழாவது கம்பியின் பி-யும் 62தான். எந்த ஸ்ருதியில் வாசித்தாலும் அகப்பட்டுக்கொள்ளும்படி ஒரு அறை வாய்த்திருக்கிறது!

அறையின் நடுவில் இந்த 56 ஹெர்ட்ஸ் அடங்கிப்போகும். சுவரை ஒட்டினால் உச்சத்தில் இருக்கும். எனவே இரண்டும் வேண்டாம். பின்சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடி முன்னால் உட்காருங்கள். ஸ்பீக்கர்களை எதிர்ச்சுவர்ப் பக்கம், மூலையிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, ஒன்றுக்கொன்று 5 அடி இடைவெளியில் வையுங்கள். ஸ்பீக்கரிலிருந்து பக்கச் சுவருக்கும் அதன் முதுகுப்பக்கச் சுவருக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்கக் கூடாது. ஸ்பீக்கரின் பின்னால் துளை இருந்தால் ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டி ஆளுக்கொன்றாக அடைத்துக் கேளுங்கள். சிரிக்க வேண்டாம், தயாரிப்பாளர்களே இதற்கென்று ஸ்பாஞ்ச் அடைப்பான் கொடுக்கிறார்கள்.

அடுத்து, போனில் டோன் ஜெனரேட்டர் ஒன்றை இறக்கி 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். வால்யூம் குறைவாகவே இருக்கட்டும். உட்காரும் இடத்தில் எந்த எண்ணில் திடீரென்று பெருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளைப் போட்டு, அந்த எண்ணில் 5 டெசிபல் குறையுங்கள், கியூ (எவ்வளவு குறுகலாக வெட்டுவது என்ற அளவு) 5 வைத்தால் போதும். காணாமல் போகும் எண்களை ஏற்ற முயலாதீர்கள். அறை விழுங்கும் ஒலியை எவ்வளவு ஏற்றினாலும் விழுங்கும், ஆம்ப்தான் திணறும். மைக் வாங்க வசதியிருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் படமாகவே போட்டுக்காட்டும்.

முட்டை அட்டை, ஒரு அங்குல ஸ்பாஞ்ச் இரண்டும் பாஸைத் தொடாது. சிம்பலை மட்டும் மந்தமாக்கிவிட்டு ஊதலை அப்படியே விடும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் கொஞ்சம் பலன் உண்டு. 4 முதல் 6 அங்குல ராக்வுல் (கல் நார்) பலகை கிடைத்தால் இன்னும் நல்லது, துணியால் நன்றாக மூடியே வைக்க வேண்டும். பொதுச்சுவர் வீடு என்பதால் இரவில் ஹெட்போனுக்கு மாறிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்பது பெரும்பாலும் இந்த அடி ஒலிதான்.

கேள்வி: பழைய பங்களா, மரத்தரை. லேப்டாப்பை ஆம்ப்போடு சேர்த்தால் உறுமல். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடினால் இன்னும் மோசம்.
வாசகர், கொடைக்கானல்

பதில்: முதலில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் கிரவுண்ட் லூப் (கருவிகளின் எர்த் வழியே சுற்றும் மின்னோட்டம்), அல்லது சார்ஜரின் கசிவு. லேப்டாப், ஆம்ப், டேக் மூன்றையும் ஒரே சுவர் பாயிண்டிலிருந்து, மூன்று பின் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள். பாதி உறுமல் அங்கேயே போகும். போகாவிட்டால் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாகப் பிடிப்பதில்லை, கோடையில் காய்ந்தும் போகும். எர்த் பின்னை வெட்டிவிடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். உறுமல் போகும், கூடவே உயிருக்கான காவலும் போகும். டேக்கில் ஆப்டிகல் வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒளி இழையில் மின்சாரம் ஓடாது, லூப்பும் இல்லை. 24/96 வரை அதில் சிக்கலில்லாமல் போகும்.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். அதன் கரடுமுரடான அலை டிரான்ஸ்ஃபார்மரைச் சூடேற்றி இரைய வைக்கும். ப்யூர் சைன் வேவ் ஒன்றே தீர்வு, வடிகட்டியெல்லாம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். இடி இடிக்கும் நாளில் பிளக்கோடு சேர்த்து ரூட்டரின் லேன் வயரையும் உருவிவிடுங்கள். மின்னல் வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

மரத்தரை தனிக்கதை. ஸ்பீக்கர் ஸ்டாண்டின் அடியில் தரை ஒரு டிரம் போல அதிரும், டபுள் கிக் வரும்போது பாதத்திலேயே தெரியும். இரண்டடிக்கு ஒன்றரை அடி கடப்பா கல் ஒன்றை, நாலு மூலையிலும் தடித்த ரப்பர் துண்டு வைத்துப் போட்டு, அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்துங்கள்.

கேள்வி: விலை கூடின யூஎஸ்பி கேபிள் ஒலியை மேம்படுத்துமா?
வாசகர், ஊட்டி

பதில்: இல்லை. அந்தக் காசுக்கு ஹெட்போன் குஷன் மாற்றுங்கள்.

கேள்வி: மழைக்காலம் முடிவதற்குள் ஹெட்போன் குஷன் உரிகிறது, சிடியில் பூஞ்சை, வால்யூம் திருகினால் கரகரப்பு.
வாசகி, பந்தலூர்

பதில்: செயற்கைத் தோல் குஷன் ஈரத்தில் தானே சிதையும், துடைத்துப் பயனில்லை. அடுத்த முறை வெல்வெட் போன்ற துணிக் குஷனாக வாங்குங்கள். பாஸ் ஒரு சிட்டிகை குறையும், ஆனால் துவைக்கலாம். ஹெட்போன், டேக், ஹார்டு டிஸ்க் மூன்றையும் ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். உள்ளே சின்ன ஈரமானி ஒன்று போட்டு, 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

சிடியில் பூஞ்சை மேலாக இருந்தால் போய்விடும். குழாய்த் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மெல்லிய துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வட்டக் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடுவதால் பிளேயரால் பிழையைச் சரிசெய்ய முடியாது. காய்ந்ததும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் ரிப் செய்து, அக்யுரேட்ரிப் ஒப்பீட்டில் மற்றவர்கள் எடுத்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அந்த சிடி இனி அலமாரிக்கு. ஃபிளாக் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

வால்யூம் கரகரப்புக்கு, கரண்ட்டை நிறுத்திவிட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைத் திருகின் உள்ளே ஒரு முறை அடித்து, இரண்டு பக்கமும் முப்பது தடவை திருகுங்கள். மண்ணெண்ணெய், சைக்கிள் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பனிக்காலத்தில் வெளியிலிருந்து சில்லிட்டுப்போன ஆம்ப்பை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே வியர்க்கும். இரண்டு மணி நேரம் அப்படியே விட்ட பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

கேள்வி: எனக்குக் கர்நாடக இசைதான் பழக்கம். பேரன் இந்த இசையைப் போட்டுக்காட்டினான். தாளம் இருப்பது தெரிகிறது, கை பிடிபடவில்லை. எங்கே தட்டுவது?
வாசகர், வெலிங்டன்

பதில்: உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஐந்தும் ஏழும் இவர்களுக்கு அன்றாடச் சோறு. கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் போட்டுப் பழகிய கைக்கு அது புதிதல்ல. டூல் குழுவின் 'லாட்டரலஸ்' என்ற 2001-ஆம் ஆண்டுப் பாட்டில் பல்லவி 9, 8, 7 என்று இறங்கும். கூட்டினால் 24. ஆதி தாளத்தை மூன்று ஆவர்த்தனம் போட்டால் சமத்தில் கொண்டுவந்து விடும், போட்டுப் பாருங்கள்.

ஸ்வீடனின் மெஷுகா குழு வேறு ஜாதி. அங்கே கிதாரும் கிக் டிரம்மும் சேர்ந்து ஒற்றைப்படைக் கணக்கு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டும்; டிரம்மரின் வலக்கை மட்டும் சிம்பலில் நாலு நாலாகவே எண்ணிக்கொண்டிருக்கும். கிதாரைப் பின்தொடர்ந்தால் தொலைந்துபோவீர்கள். சிம்பலில் தட்டிக்கொண்டிருங்கள், கோர்வை எடுப்பில் வந்து விழுவது போல் இரண்டும் ஓரிடத்தில் வந்து சேரும். பேரனிடம் சொல்லி லாஸ்லெஸ் ஃபைலாகப் போடச் சொல்லுங்கள். மட்டமான எம்பி3-இல் முதலில் கரைந்துபோவது அந்தச் சிம்பல்தான், தட்ட வேண்டிய இடமே கேட்காது.